அசன வீட்டில் இரண்டு பேருக்கு இடமில்லை

சிலுவைத்துறையில் அசன வீடு முதன்முதலாக வளர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்றைக்கு எல்லோருக்கும் அவ்வளவு அசதியாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெர்பெத்து அக்கா மட்டும், கழுவிய சோற்றுக் கிடாரத்தைச் சுவரோரம் சாய்த்து வைக்கப் போனவள், சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லாததால் இன்னும் நாலு எட்டு நடந்துபோய் அங்கே சாய்த்துவிட்டுத் திரும்பி வந்து, "ஏட்டி, இனிமே பெருக்குறதுக்கு இன்னும் ரெண்டு ஆள் வேணும்" என்றாள்.

எங்கள் ஊர் கடலுக்கும் தேரிக்காட்டுச் செம்மணலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. நாற்பத்திரண்டு குவாட்டர்ஸ், நூற்றி எண்பத்தாறு தலைகள். கடல் ஊருக்குள் வந்துபோன வருஷத்துக்குப் பிறகு யாரோ நல்ல மனசுக்காரர்கள் வந்து கட்டிக்கொடுத்துப் போன காங்கிரீட் வீடுகள் அவை. அவர்கள் போன மறுநாளிலிருந்தே உப்புக்காற்று சிமெண்டுக்குள் நுழைந்து கம்பியைத் தின்னத் தொடங்கியிருக்க வேண்டும். கம்பி துருப்பிடித்து, வீங்கி, கூரையைப் பிட்டுப் பிட்டுக் கீழே போட்டது. சாப்பிடும் தட்டில் விழும், பாயில் விழும், ஆட்கள் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்வார்கள். என் மகள் எவா பிறந்த நாற்பதாம் நாள், பால் கொடுக்க அவளைத் தூளியிலிருந்து எடுத்து நான் சுவரில் சாய்ந்த நேரத்தில், தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு இறங்கித் தூளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. தூளி அதையும் கொஞ்ச நேரம் ஆட்டியது.

அன்றிலிருந்து என் வலது கை எவாவின் தலைக்கு மேலேயே இருந்தது. தூங்கும்போதும் இருந்தது. "குடை பிடிக்கா பாரு மகராசி" என்பாள் என் மாமியார் பிரகாசி. "கை என்ன இரும்பா? விழுந்தா கையையும் சேத்துல்லா நசுக்கும்?" மாமி சொல்வது சரிதான். ஆனால் கையை எடுக்கச் சொன்னால் எடுக்க வரவில்லை.

அந்த வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு முன்னால் பெண்களெல்லாம் கூடி, ஊருக்குப் பொதுவாக ஒரு வீடு வேண்டும், தலையில் விழாத வீடாக வேண்டும் என்று முடிவெடுத்தோம். சிமெண்ட் வேண்டாம் என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. தேரிப்பக்கமிருந்து சுயம்புலிங்கம் கொத்தனார் வந்தார். செம்மண், குளத்து வண்டல், சிப்பி சுட்ட சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர், பனந்தும்பு எல்லாம் போட்டுக் குழியில் மிதிக்க வேண்டும், ஈரம் காயக் காயச் சுவரை முழம் முழமாக ஏற்ற வேண்டும், மேலே கூரைக்குப் பனங்கைச் சட்டமும் நாட்டு ஓடும் என்றார். ஆண்கள் கடலுக்குப் போனார்கள், நாங்கள் மிதித்தோம். கால் வெந்து தோல் உரிந்தது. எவாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நானும் மிதித்தேன்.

திருவிழா அன்றைக்கும் மிதி நிற்கவில்லை. அசனம் என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் சாப்பாடு. வந்தவர், போனவர், வழியில் நின்றவர் எல்லோருக்கும் போட வேண்டும். கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை கிடாரத்தைக் கவிழ்க்கக் கூடாது. மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்கக் கூடாது, கால் படும் இடத்தில் கொட்டக் கூடாது, மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். அந்த வருஷம் காற்று பலமாக அடித்ததால் வெளியூர் ஆட்கள் வரவில்லை. ஒரு கிடாரம் முழுக்கச் சோறு மிஞ்சிவிட்டது. கடற்கரைவரை தூக்கிப் போக ஒருத்திக்கும் தெம்பில்லை. பெர்பெத்து அக்கா, "மண்ணுக்குள்ள புதைக்கணும், அம்புட்டுதானே? இதுவும் மண்ணுதான்" என்று மொத்தத்தையும் மிதிகுழிக்குள் கவிழ்த்துவிட்டாள்.

சுயம்புலிங்கம் கொத்தனார் தலையில் கைவைத்தார். "ஏம்மா, சோத்தக் குழைச்சுச் சுவர் வச்சா எறும்புல்லா குடியிருக்கும்?"

"அதுகளும் சாப்பிடட்டும், அசனம்தானே" என்றாள் அக்கா.

நாங்கள் மிதித்தோம். கால் படக் கூடாத சோற்றை நூறு கால்கள் மிதிக்கின்றன என்பது பாதி மிதித்த பிறகுதான் எங்களில் ஒருத்திக்கு உறைத்தது. அதற்குள் அது சோறாகவும் இல்லை, மண்ணாகவும் இல்லை. மேற்குச் சுவர் முழுக்க அந்த மண்தான்.

வீடு எப்படி வளர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. கண்டுபிடித்ததும் ஆச்சரியப்படவில்லை, சலித்துக்கொண்டோம். அன்றைய மத்தியானம் அந்த வீட்டுக் கிடாரத்திலிருந்து எத்தனை பேர் வயிறு நிறைய உண்டார்களோ, அத்தனை பேர் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வீடு நீண்டது. மறுநாள் விடியும்போது பழையபடி இருபதடி அடுக்களையாகச் சுருங்கிக்கொண்டது. ரேஷன் அரிசி பொங்கிப் போட்ட நாட்களில் காதில் விழாத மாதிரி அப்படியே இருந்தது. பாக்கெட் நூடுல்ஸ் போட்ட ஒரே ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டது. இந்த மண்ணிலும் இந்தக் கடலிலும் விளைந்ததைத்தான் அது சாப்பாடு என்று ஒத்துக்கொண்டது.

ஆக, விளைவிக்க வேண்டியதாயிற்று. பிடித்த மீனையெல்லாம் கம்பெனி வண்டிக்கு ஏற்றிவிட்டு ரேஷன் சோற்றுக்குக் காத்திருந்த ஊர், வண்டிக்கு முன்னால் ஒரு கூடையைக் கிடாரத்துக்கு எடுத்து வைக்கப் பழகியது. கொத்தனாரின் தம்பிமார் சும்மா கிடந்த தேரி நிலத்தைக் காட்ட, நாங்கள் போய்க் கம்பு விதைத்தோம். குவாட்டர்ஸ் முற்றத்துச் சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்துச் சீனிக்கிழங்குக் கொடி ஊன்றினோம், குளிக்கிற தண்ணீரை முருங்கைக்கும் கீரைக்கும் திருப்பினோம். மீன் கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்துபோய் ஊற்றி ஊற்றி எங்கள் தோள்கள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டன. "கட்டுன பொண்டாட்டி கேக்காத கேள்வியெல்லாம் இந்தச் சுவரு கேக்குது வே" என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றுவிட்டு வந்து கிடாரத்தில் பாதி வயிற்றுக்கு உண்பவர்கள், அன்று மாலை கால் நீட்டிப் படுத்தால் முட்டிவரைக்கும்தான் இடம் கிடைத்தது. அதனால் யார் புரோட்டா தின்றான் என்பது ஊருக்கே தெரிந்தது.

அளவெடுக்க ஒரு என்ஜினீயர் வந்தார். காலையில் அளந்து எழுதினார், சாப்பிட்டார், சாயங்காலம் அளந்து பார்த்துவிட்டு முதலில் எழுதியதை அடித்தார். மூன்றாம் நாள் பென்சிலால் எழுதினார். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, "எனக்கும் பசிக்குது, முதல்ல போடுங்க" என்றார். அவருக்கும் ஆறடி இடம் வந்தது. அவர் குள்ளம், ஆனாலும் ஆறடி வந்தது.

ஊர் இப்படி ஒரு சுவரின் பசிக்குச் சமைத்துச் சமைத்துக் களைத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், நான் மட்டும் அதை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நான் கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளை. ஒரு மழைக்காலத்தில் பாலம் உடைந்து நாலு நாள் ஹாஸ்டலுக்கு ஒன்றும் வந்துசேரவில்லை. ஐந்தாம் நாள் வந்த ரொட்டியில் ஓரத்தைப் பிய்த்துத் தலையணை உறைக்குள் வைத்தேன், பத்தாம் வகுப்பு முடியும்வரை வைத்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமான பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டதென்றுதான் நினைத்தேன். தூளிக்குள் அந்தத் துண்டு விழுந்த பிறகு அது திரும்பி வந்தது. பால் கொடுக்கிறவர்கள் மட்டும் தங்கள் பங்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஊரில் ஒரு சலுகை இருந்தது. "பிள்ளை அழுவா யக்கா, வீட்டுல போய்ச் சாப்பிடுதேன்" என்று தூக்குவாளியை நீட்டுவேன். பெர்பெத்து அக்கா ஒரு அகப்பை கூடுதலாகவே ஊற்றுவாள். கம்பங்கூழைக் கிள்ளி வைத்து வற்றலாக்கினேன், மீனை உப்பில் புரட்டினேன், சீனிக்கிழங்கைச் சீவிக் காயவைத்தேன். எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் ரெமி வள்ளத்துக்கு வாங்கி வைத்திருந்த நீல டிரம்மில் போட்டு அழுத்தி மூடினேன். டிரம் மிதக்கும். எல்லாம் போனாலும் அது மிதக்கும், எவாவை அதன் மேல் கட்டிவிடலாம், உள்ளே ஒரு மாதத்துக்குச் சாப்பாடு இருக்கும். இப்படித்தான் என் புத்தி போயிற்று. நான் ரேஷன் கஞ்சியில் ரெண்டு வாய் குடித்துக்கொண்டேன், அதற்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. பால் குறைந்தது. எவா சப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

எல்லோரும் ஒரே நாளில் அசன வீட்டில் படுத்ததே இல்லை என்பதால், இடம் குறைவது யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி கடைசியில் புயல் என்றார்கள். இந்தத் தடவை நம் பக்கம்தான் என்று ரேடியோ சொன்னது, போன் சொன்னது, ஜீப்பில் மைக் கட்டி வந்து சொன்னார்கள். காற்று இருக்கிற தினுசைப் பார்த்துக் கடலும் சொன்னது. குவாட்டர்ஸுக்குள் இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ் பிடித்துப் போக ஊருக்கு வெளியே எங்களுக்கு யாருமில்லை. அசன வீடு ஒன்றுதான்.

காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்தோம். இருந்த கம்பு மொத்தமும், கிழங்கு மொத்தமும், முந்தின நாள் கரை சேர்ந்த சாளை மீன் மொத்தமும் கிடாரத்துக்குள் போனது. "இன்னைக்கு எவனாச்சும் வயித்தக் காயப்போட்டா அவன நானே கடல்ல போடுவேன்" என்று பெர்பெத்து அக்கா அகப்பையோடு நின்றாள். சுயம்புலிங்கம் கொத்தனார்கூடத் தேரியிலிருந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிட நிற்காமல் மழைக்கு முன்னால் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

"டெல்சி, சாப்பிட்டியாட்டி?" என்று அக்கா கேட்டாள்.

"சாப்பிட்டேன் யக்கா" என்றேன். தூக்குவாளி என் முந்தானைக்குள் சூடாக இருந்தது.

அக்கா ஒருமுறை எல்லா முகங்களையும் பார்த்தாள். கிடாரத்தைக் கவிழ்த்தாள். வீடு பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மேற்கே நீண்டது.

நான்தான் முதல் ஆளாக உள்ளே ஓடினேன். மூலையைப் பிடித்து, எவாவை மடியில் கிடத்தி, தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பாயும் விளக்கும் கோழியுமாக வந்தார்கள். நூற்றி எண்பத்திநாலு பேர் உள்ளே வந்ததும் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் பெர்பெத்து அக்காவும், அவள் இடுப்பில் பக்கத்து வீட்டுக் கிளாராவின் ஒரு வயது மகனும் நின்றார்கள்.

"நெருங்கி உக்காருங்கலே" என்றார் ரெமி. நெருங்கி உட்கார்ந்தோம். நெருங்கிய அளவுக்குச் சுவரும் நெருங்கியது. கிளாரா பதறிக்கொண்டு வெளியே போய் மகனை வாங்கிக்கொண்டாள், அக்கா உள்ளே வந்தாள். இப்போது வாசலில் கிளாராவும் மகனும். ரெமி வெளியே இறங்கி அவர்கள் இருவரையும் உள்ளே தள்ளினார். கிளாரா வந்தாள், குழந்தை அவள் கையிலிருந்து நழுவி ரெமியின் கைக்கே போயிற்று. சாமியார் இறங்கிப் பார்த்தார், இரண்டு வாலிபர்கள் இறங்கிப் பார்த்தார்கள். யாரை உள்ளே விட்டு யாரை வெளியே விட்டாலும் வாசலில் ஒரு பெரிய ஆளும் ஒரு குழந்தையும் மிஞ்சினார்கள். ஓட்டின் மேல் முதல் மழை விழுந்தது. கடைசியில் கிளாராவே மகனை வாங்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, வாசலில் முதுகைக் காட்டி, காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டு நின்றாள்.

பெர்பெத்து அக்கா சத்தம் போடவில்லை. விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். "ஒரு ஆளு உண்ணல. அந்த ஆளால ஒரு பிள்ளையும் உண்ணல."

ஊரில் அப்போது கைக்குழந்தைகள் ஐந்து. நாலு பேர் தாய்மார்களுடன் கிடாரத்தடியில் உட்கார்ந்து உண்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் எவாவின் கன்னத்தைப் பார்த்தேன். அது எப்போது இப்படி ஒட்டிப்போனது? பதினாறு வயதுவரை வாரா வாரம் பாவசங்கீர்த்தனம் பண்ணியவள் நான். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று ஒப்புவித்திருக்கிறேன். ரொட்டியை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லை.

"நான்தான்" என்றேன். "நான் ஒரு நாளும் சாப்பிடல. எடுத்து வச்சிருக்கேன். நீல டிரம்முல. எவாவுக்கு."

யாரோ பின்னாலிருந்து, "புரோட்டா தின்னவன ஊரே ஏசுனிய, இவள என்ன செய்யப்போறிய?" என்றார்கள்.

"வாய மூடுலே" என்றாள் பிரகாசி மாமி. "என் மருமவள நான் ஏசிக்கிடுதேன். ரெமி, போய் டிரம்ம உருட்டிட்டு வா."

ரெமியும் இரண்டு பேரும் ஓடினார்கள். நீல டிரம் மழையில் உருண்டு வந்தது. திறந்தபோது உள்ளே இருந்ததைப் பார்த்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு மாதத்து அசனம், வற்றலும் கருவாடுமாக, துளி பூஞ்சை இல்லாமல் இருந்தது. "நல்லாத்தான் காயவச்சிருக்கா" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள். பெர்பெத்து அக்கா கவிழ்த்த கிடாரத்தை நிமிர்த்தினாள். "கடைசி ஆளு உண்ணுறதுக்கு முன்னாடி கவுத்துட்டேன். தப்பு என் பேர்லயும் இருக்கு" என்று சொல்லி அடுப்பை ஊதினாள். வற்றல் வெந்நீரில் இளகிக் கூழாயிற்று, கருவாடு கனலில் கருகி மணந்தது. என் முன்னால் தட்டு வந்தது.

நான் கையைப் பார்த்தேன். சாப்பிடுகிற கை எவாவின் தலைக்கு மேல் இருந்தது.

"எடு" என்றாள் மாமி.

"வரல மாமி."

மாமி என் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தன் கையை என் கைக்குக் கீழே நுழைத்து எவாவின் உச்சியில் வைத்தாள். மீன் வெட்டி வெட்டித் தழும்பேறிய கை. "நான் பிடிச்சிருக்கேன். விழுந்தா என் கை போகட்டும், எனக்குக் கல்யாணமா ஆகணும்? நீ தின்னு."

என் கை கீழே இறங்கியது. ஐந்து மாதமாக மடங்கியே இருந்ததில் விரல் விரியவில்லை. மாமி இன்னொரு கையால் முதல் கவளத்தை ஊட்டினாள், இரண்டாவதை நானே எடுத்தேன். ஊர் மொத்தமும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக, மெதுவாக என்று யாரோ சொன்னார்கள், சீக்கிரம் என்று யாரோ சொன்னார்கள். தட்டு முடிந்தபோது மேற்குச் சுவர் ஒரு ஆள் அளவுக்கு விலகியது. கிளாரா உள்ளே வந்தாள். அவள் மகன் வரவில்லை. அவன் அவள் கையிலிருந்து நழுவி வாசல்படியிலேயே நின்று அழுதான். அவள் உள்ளேயிருந்தபடி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்று அவனை மறுபக்கம் இழுத்தது.

எவாவை நெஞ்சோடு வைத்தேன். அவள் வழக்கம்போலச் சப்பினாள், வழக்கம்போல நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப உண்டது இப்பவே எப்படிப் பாலாகும்?" என்று ரெமி மெல்லக் கேட்டார்.

"நீ கொடுத்திருக்கியா, கண்டியா?" என்றாள் பெர்பெத்து அக்கா. எனக்கு இன்னொரு கிண்ணம் கூழ் வந்தது. முருங்கைக்கீரை அலசிய சாறு வந்தது. மாமி என் முதுகைத் தேய்த்தாள். கிளாரா என்னை ஏசியிருக்கலாம். அவள் மகன் வெளியே நின்றது என்னால்தான். அவள் ஒரு கையில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே, திரும்பாமல், "பதறாத டெல்சி. பதறினா இறங்காது" என்று மட்டும் சொன்னாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஓடு ஒன்று பறந்து போனது. அதன் பிறகு நெஞ்சுக்குள் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு அது இறங்கியது. எவாவின் தொண்டை ஒரு தடவை 'கொளுக்' என்றது. இன்னொரு தடவை. பிறகு மூச்சு வாங்காமல் குடித்தாள். அந்தச் சத்தம் அவ்வளவு காற்றிலும் அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. கிளாராவின் மகன் தன்பாட்டுக்கு வாசல்படியைத் தாண்டி உள்ளே தவழ்ந்து வந்து, டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

அக்கா கதவைச் சாத்தினாள். கிடாரத்தைக் கவிழ்த்தாள்.

மூன்று நாள் கழித்து வெளியே வந்தோம்; அதுவரை ஒவ்வொரு நாளும் விடியுமுன் டிரம்மில் மிஞ்சியதைக் கூழாக்கி எல்லோருக்கும் ஊற்றினோம், வீடு சுருங்கவில்லை. எங்கள் குவாட்டர்ஸ் கூரை தூளிக் கொக்கியோடு தரையில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. கிழங்குக் கொடியெல்லாம் உப்புத்தண்ணீரில் வெந்து கிடந்தது, தேரிப்பக்கம் போய்க் கொடி கேட்டு வாங்கி வந்து திரும்ப ஊன்ற வேண்டும். மேற்குச் சுவர் கரைந்த இடத்தில் மண் மிதித்துப் பூச வேண்டும், அத்தனை பேருக்கும் பொங்க வேண்டும். வீடு எங்களைக் காப்பாற்றியது என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குத் தோள் வலிக்கிறது.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். என் கை இன்னும் சில நேரம் தானாக மேலே போகிறது. மாமி அதைக் கண்டால் பேசாமல் ஒரு வாளியை அதில் மாட்டிவிடுகிறாள். டிரம்மைப் பொதுவில் வைத்துவிட்டோம், இப்போது ஊரே அதில் போடுகிறது, ஊரே எடுக்கிறது; காயவைக்கிற வேலை மட்டும் எனக்கு. அதோடு வியாழக்கிழமைகளில் சமையல் என் முறை.

தினமும் எல்லோரும் உண்டு முடித்த பிறகு பெர்பெத்து அக்கா கிடாரத்தின் காதைப் பிடித்துக்கொண்டு, "டெல்சி, சாப்பிட்டியாட்டி?" என்று கேட்கிறாள்.

"சாப்பிட்டேன் யக்கா" என்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் கவிழ்க்கிறாள்.